வீட்டுக் காமிராவும் பல திரைகளும்

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் ஜமைக்கா என்றொரு வட்டாரம் உண்டு. 1960-களில் அங்கு வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்னும் நர்ஸ், இரவு வேளைகளில் வீட்டில் தனித்திருக்க நேர்ந்தபோதெல்லாம் கதவு தட்டப்படும் ஓசைக்கு அஞ்சினார். காவலரை அழைத்தாலும் வந்து சேரத் தாமதமாயிற்று. அவருடைய கணவர் ஆல்பர்ட் மின்னணுத் தொழில் அறிந்தவர். இருவரும் சேர்ந்து ஒரு கருவியை வகுத்தனர். கதவில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு துளைகள். அவற்றின் வழியே பார்க்குமாறு மேலும் கீழும் நகரும் காமிரா. படுக்கையறையில் ஒரு தொலைக்காட்சித் திரை. வந்திருப்பவர் நெடியவராயினும் சிறு பிள்ளையாயினும், எழுந்து செல்லாமலே முகத்தைக் காணலாம், பேசலாம், தெரிந்தவராயின் பொத்தானை அழுத்தித் தாழ் நீக்கலாம். 1966-இல் விண்ணப்பித்த இதற்கு 1969 டிசம்பர் 2-ஆம் நாள் காப்புரிமை வழங்கப்பட்டது.

அங்கே காமிரா ஒன்று, திரையும் ஒன்று. திரையைப் பார்த்தவர் அஞ்சியிருந்த அந்தப் பெண்மணியே. இன்று நம் இல்லங்களில் காமிராவும் பல, திரைகளும் பல. எந்தத் திரையின்முன் யார் அமர்வார் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. நாங்களும் எண்ணிப் பார்க்கவில்லை.

எங்கள் தெருவில் பட்டப்பகலில் ஒரு திருட்டு நடந்த பின்னர், நான்கு காமிராக்கள் வைத்தோம். வாயிற்கதவில் ஒன்று, முன் திண்ணையில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று. நான்காவது, எண்பது கடந்த எங்கள் அன்னையின் அறையில். அவர் ஓரிரவு கால் இடறி விழுந்திருந்தார். கூடத்துத் தொலைக்காட்சியிலும், சமையலறையில் சிறு திரையிலும், வெளிநாட்டில் பணிபுரியும் மூத்த மகனின் கைப்பேசியிலும் தெரிய வேண்டும் என்று கேட்டோம். பொருத்த வந்தவர் பதிவுக்கருவியிலிருந்து வரும் எச்.டி.எம்.ஐ. கம்பியில் ஸ்ப்ளிட்டர் ஒன்றை இணைத்து, இரு திரைகளிலும் படம் வரச் செய்துவிட்டுப் போனார். எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி!

ஒரு பிற்பகல், திருமண அழைப்பிதழுடன் உறவினர் ஒருவர் வந்து கூடத்தில் அமர்ந்தார். காபி கொண்டு வந்தபோது அவர் சன்னலைப் பார்த்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். எதிரே தொலைக்காட்சியின் ஒரு கட்டத்தில், புடவையை ஏற்றிச் செருகியவாறு துணி துவைத்துக்கொண்டிருந்தாள் எங்கள் இளைய மருமகள். அவருக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம். அவளிடம் இதை எப்படிச் சொல்வதென்று அன்றிரவு வரை எங்களுக்கு விளங்கவில்லை.

ஸ்ப்ளிட்டர் என்பது ஒரே படத்தை இரண்டாகப் பிரதி எடுக்கும் கருவி, அவ்வளவே. ஒரு திரைக்கு ஒரு காட்சி, மற்றதற்கு வேறு காட்சி என்று அது பிரித்துத் தராது. மேலும், சாதாரண எச்.டி.எம்.ஐ. கம்பி பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டினால் படம் நின்று நின்று வரும். வேறு வழி உண்டு. பதிவுக்கருவியை வீட்டின் ரூட்டருடன் இணைத்து, அதிலேயே தனித்தனிப் பயனர் பெயர்களை உண்டாக்கலாம். எந்தப் பெயருக்கு எந்தக் காமிரா தெரியலாம் என்பதையும் பல கருவிகளில் வரையறுக்கலாம். இப்போது எங்கள் கூடத்துத் தொலைக்காட்சி, செயலி வழியே வாயிலையும் திண்ணையையும் மட்டும் காட்டுகிறது. கிணற்றடி சமையலறையிலுள்ள டேப்லெட்டில் மட்டுமே தெரியும். வீட்டுக்குள் பார்க்கும் வரையில் இணையம் அறுந்தாலும் பெரும்பாலான கருவிகளில் படம் வரும். ரூட்டருக்கும் பதிவுக்கருவிக்கும் மின்சாரம் இருந்தால் போதும். ஆதலின் இரண்டையும் இன்வெர்ட்டரில் சேர்த்துவிட்டோம்.

பதிவு எத்தனை நாள் நிற்கும் என்றும் கணக்கிட்டோம். நொடிக்கு 4 மெகாபிட் வீதம் பதியும் ஒரு காமிரா நாளொன்றுக்கு ஏறத்தாழ 43 ஜி.பி. இடம் கொள்ளும். நான்குக்கு 172 ஜி.பி.; அதாவது, 1 டி.பி. தட்டு ஆறு நாளைக்குள் நிறைந்து, பழையது அழிந்து புதியது ஏறத் தொடங்கும். ஒரு வாரம் வெளியூர் செல்வோர் இதை அறிந்திருத்தல் நலம்.

கடவுச்சொல்லைப் பற்றி ஒரு சொல். தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட காமிராக்களையும் பதிவுக்கருவிகளையும் 2016-இல் மிராய் என்னும் தீநிரல் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்கள் முடங்கியதற்கு அத்தகைய கருவிகளே ஆயுதமாயின. அவற்றுக்கு உரியவர்கள் வீட்டில் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்திருப்பர். எங்கள் கருவியிலும் பொருத்தியவர் இட்ட எளிய எண்ணே மூன்று மாதம் இருந்தது. வெட்கத்துடனேயே இதை எழுதுகிறோம்.

இனி அன்னையின் அறை. காமிரா வைத்த நாள் முதலாக அவர் கட்டிலில் சாயும்போதெல்லாம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "பேரன் இப்போ பார்க்கிறானா?" என்று கேட்பார். "இல்லை அம்மா, அங்கே வேலை நேரம்" என்போம். அவர் நம்பவில்லை. பகலில் படுப்பதையே விட்டு நாற்காலியில் அமர்ந்தபடி உறங்கத் தொடங்கினார். விழுந்துவிடாமல் காக்க வைத்த பொருள், அவரைப் படுக்கவிடாமல் செய்துவிட்டது.

கழற்றிவிட்டோம். கட்டிலருகே ஓர் அழைப்பு மணிப் பொத்தானைப் பொருத்தினோம்; அதன் ஓசை எங்கள் அறையில் கேட்கும். மகன் முதலில் கோபித்துக்கொண்டான், "பாட்டியைப் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?" என்றான். பாட்டியே கைப்பேசியை வாங்கி, "ஒன்பது மணிக்குக் கூப்பிடு, தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்" என்றார். இப்போது நாள்தோறும் கூப்பிடுகிறான். அந்த நான்காவது காமிரா தோட்டத்து மோட்டார் அறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.