உங்களுக்குத் தெரியுமா? தோட்டத்து எல்லையில் நின்றுவிட்ட கிராம சபை

இலங்கையின் மலைநாட்டில், தோட்டத்து லயன்களில் வாழ்ந்த தொழிலாளர்க்கு 1937ஆம் ஆண்டுச் சட்டம் கிராம சபை வாக்குரிமையை மறுத்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரதேச சபைகள் ஸ்தாபிதமாகி, அம்மக்களின் பிரதிநிதிகள் அங்கே ஆசனம் பெற்ற பின்னரும், அச்சட்டத்தின் 33ஆம் பிரிவினால், லயன் வாசலுக்கு ஏறிச் செல்லும் குண்டும் குழியுமான பாதையைச் செப்பனிடவும் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடங்கல் நேர்ந்தது. வாக்களித்தவர்க்கே தம் சபை உதவ இயலாத அந்த அநியாயம், எத்தனை தேர்தல்கள் வந்துபோயும், 2018இல் அப்பிரிவு திருத்தப்படும் வரை நீடித்தது. அவ்வாண்டுத் தேர்தலில்தான், நுவரெலியா, அம்பகமுவ என்றிருந்த இரு பெருஞ்சபைகள் பிரிக்கப்பட்டு, மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய நான்கு சபைகளும் புதிதாக உதயமாயின.