உங்களுக்குத் தெரியுமா? ஒரே இணையதளம், ஓரிடத்தில் திறக்கும், இன்னோரிடத்தில் திறக்காது!

பெங்களூரின் ‘சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி’ ஆய்வாளர்கள் பங்கேற்று 2020-இல் வெளியான ஆய்வு, இந்தியாவின் 6 இணையச் சேவை நிறுவனங்களைச் சோதித்தது. தடைப் பட்டியல் ஆளுக்கொன்றாக இருந்தது. நாடு ஒன்று, சட்டமும் ஒன்று. இது நியாயமே இல்லை.

தடுக்கும் விதமும் வேறு. டிஎன்எஸ் தடையில், தளத்தின் பெயரைக் கேட்டால் பொய்யான முகவரி வரும். எஸ்என்ஐ தடையில், இணைப்பு தொடங்கும்போது வெளியே தெரிகிற தளப்பெயரைப் பார்த்தே துண்டித்துவிடுவார்கள். பள்ளி, அலுவலக வைஃபையிலும் இவை உண்டு. டிஎன்எஸ்ஸை மாற்றினால் முதல் தடை விலகலாம், இரண்டாவது அசையாது. விபிஎன் போட்டால் எந்தத் தளம் என்பது மறையும். ஆனால் விபிஎன் ஓடுவது வலையமைப்பு நிர்வாகிக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வேலைக்கோ படிப்புக்கோ தேவையான தளம் பள்ளியிலோ அலுவலகத்திலோ தடைபட்டால், ஐடி பிரிவுக்குக் காரணத்தோடு எழுதிக் கேளுங்கள்.