பகடையும் திறமையும்

பகடை உருட்டி ஆடும் பேக்கமன் விளையாட்டில் வல்லவரும் தோற்பதுண்டு. அவர் வெல்லும் வாய்ப்பை முன்கூட்டி அளக்க இயலுமா? 1992இல் தோன்றிய ஃபிப்ஸ் என்னும் இணைய ஆட்டக்களம், சதுரங்கத்துக்கு ஆர்பாட் ஈலோ வகுத்த தரப்புள்ளி முறையைத் தழுவி ஒரு சூத்திரம் அமைத்தது. இருவரின் தரப்புள்ளி வேறுபாட்டைப் போட்டி நீளத்தின் வர்க்கமூலத்தாற் பெருக்குவதே அதன் உயிர்நாடி.

வேறுபாடு 200 எனக் கொள்வோம். 1 புள்ளிக்கு ஆடினால் வல்லவரின் வாய்ப்பு நூற்றுக்கு 56. 9 புள்ளிக்கு 67. 25 புள்ளிக்கு 76. சதுரங்கத்திலோ, சமநிலையை அரைவெற்றியாகக் கணக்கிட்டால், அதே அளவு வேறுபாடு ஒரே ஆட்டத்தில் 76 தரும்.

ஆதலின், ஓர் ஆட்டத்தைக் கண்டு ஒருவரின் திறமையை மதிப்பிடுதல் தகாது. குறுகிய போட்டியில் பகடையின் ஆட்சி மிகுதி. போட்டி நீள நீளத் திறமையே மேலோங்கும்.