பிழைக்கும் குட்டியே கணக்கு

பன்றிக்குட்டி நோயெதிர்ப்புப் புரதங்கள் ஏறக்குறைய எதுவுமே இல்லாமல்தான் பிறக்கிறது. மனிதக் குழந்தைக்கு அவை கருவிலேயே தாயிடமிருந்து கிடைத்துவிடும். பன்றியின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடக்க விடுவதில்லை. ஆகவே சீம்பால்தான் எல்லாம். முதல் நாளுக்குள் சுமார் கால் கிலோ குடித்தாக வேண்டும்; அதன்பின் குடல் அந்தப் பெரிய புரதங்களை உறிஞ்சாது. உடலுக்குச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பும் குட்டிக்குக் கிடையாது. குளிரில் தளர்ந்த குட்டி காம்பை எட்டாமல், பசியோடு தாயை ஒட்டியே கிடக்கும். தாய் படுக்கும்போது நசுங்கும். பண்ணைக் குறிப்பேட்டில் 'நசுங்கிச் செத்தது' என்று எழுதுவார்கள். உண்மையில் அதைக் கொன்றவை குளிரும் பசியும்.

பிறக்கும் குட்டியல்ல, பிழைக்கும் குட்டியே கணக்கு என்பதை டென்மார்க் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1992 முதல் அங்கே ஈற்றுக்கு எத்தனை குட்டி பிறக்கிறது என்று பார்த்தே இனவிருத்திக்குப் பன்றிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். குட்டிகள் பெருகின, சாவும் பெருகியது. 2004-இல் அளவுகோலை மாற்றினார்கள்: பிறந்த ஐந்தாம் நாளில் உயிரோடிருக்கும் குட்டிகளே கணக்கு. தாயின் பராமரிப்பு, பால், குட்டியின் திடம் எல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிட்டன. அதன்பின் குட்டிகளும் கூடின, இறப்பு விகிதமும் குறைந்தது. குட்டி பிழைப்பதில் மரபின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பதை நினைத்தால், இது பெரிய சாதனை.

எதிர்ப்பு சக்தியையே நேரடியாகக் கூட்ட முடியாதா? கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் முயன்றார்கள். எதிர்ப்பாற்றல் மிகுந்த யார்க்‌ஷயர் பன்றிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தபோது அவை வேகமாகவே வளர்ந்தன. ஆனால் மைக்கோபிளாஸ்மா கிருமியைச் செலுத்தியதும் அவற்றுக்குத்தான் மூட்டுவீக்கம் கடுமையாக வந்தது. எதிர்ப்பு மிகுந்தால் அது சொந்த உடலையும் தாக்கக்கூடும்.

மரபணுத் திருத்தம் இன்னொரு வழி. பன்றிகளின் இனப்பெருக்கத்தையும் மூச்சையும் பாதிக்கும் பிஆர்ஆர்எஸ் வைரஸ், பன்றியின் செல்லுக்குள் நுழைய சிடி163 என்ற புரதம் தேவை. அந்தப் புரதத்தை மாற்றிய பன்றிகளுக்கு 2025 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. அருமையான அறிவியல்தான். ஆனாலும் அது ஒரு வைரஸை மட்டுமே தடுக்கும். குளிரில் கிடக்கும் குட்டிக்கு உதவாது.

பன்றி வளர்ப்போர் இன்றே செய்யக்கூடியது உண்டு. குட்டி விழுந்ததும் துடைத்து, சூடு காட்டி, காம்பில் சேருங்கள். எந்தத் தாயின் குட்டிகள் எத்தனை பிழைத்தன என்று எழுதி வையுங்கள். அடுத்த தாய்ப்பன்றியை அந்தக் கணக்கைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள்.