அலை உயரம் என்றால் எந்த அலை?

'அலைகள் 2.5 மீட்டர் உயரத்துக்கு எழும்பக்கூடும்' என்று அறிவிப்பு வருகிறது. கடலில் எந்த இரண்டு அலையும் ஒரே உயரத்தில் வருவதில்லையே, இது எந்த அலையின் உயரம்? வரிசையாக வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சராசரி பார்த்தால் கிடைக்கும் எண் இது. அன்றைக்கு நான்கு மீட்டருக்கு மேல் ஓர் அலை எழுந்தால் கணிப்பு பொய்த்துவிட்டதாக அர்த்தமில்லை. வள்ளத்தில் போகிறவர்கள் அதையும் எதிர்பார்த்தே போக வேண்டும்.

இரண்டாம் உலகப்போரில் வீரர்களைக் கரையிறக்க, அலை அடங்கியிருக்கும் நாளை முன்கூட்டியே சொல்ல வேண்டியிருந்தது. நார்வேக்காரரான ஹரால்டு ஸ்வெர்ட்ரப்பும் அவர் மாணவர் வால்டர் மங்க்கும் அதற்கொரு முறை வகுத்தார்கள். படகோட்டிகள் கண்ணால் பார்த்துச் சொன்ன உயரம், பெரிய அலைகளின் சராசரியோடுதான் ஒத்துப்போனது. சின்ன அலைகளைக் கண் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தப் பார்வையையே அளவாக்கிக்கொண்டார்கள்.

காற்றின் வேகம், அது வீசிய நேரம், தடையின்றி வீசிய நீர்ப்பரப்பின் நீளம்: வானிலை வரைபடத்திலிருந்து இந்த மூன்றையும் எடுத்தால் எழும் அலையைக் கணக்கிடலாம். அலை பிறந்த இடத்திலேயே நிற்பதுமில்லை. தென்பெருங்கடல் புயலில் எழும் நீண்ட அலைகள் சில நாள் கழித்து, காற்றே இல்லாத நேரத்தில் கன்னியாகுமரிக் கரையை அறைகின்றன. கள்ளக்கடல் என்பது இதுதான். வந்து சேர நாள் பிடிப்பதால்தான், ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தால் முன்னதாகவே எச்சரிக்க முடிகிறது.

வானத்தையும் கடலையும் சேர்த்தே படித்தவர் ஸ்வெர்ட்ரப். வில்ஹெல்ம் பியர்க்னெஸிடம் வானிலையியல் பயின்றபின், 1918இல் துருவப் பயணி அமுண்ட்செனின் 'மௌத்' கப்பலில் அறிவியல் பொறுப்பாளராக ஏறினார். பனியோடு மிதந்து வடதுருவத்தைக் கடப்பதுதான் திட்டம், நடக்கவில்லை. ஆனால் 1925 வரை நீண்ட அந்தப் பயணத்தில், சைபீரியக் கரைக்கு அப்பால் பனிக்கடியில் ஓடும் ஓத நீரோட்டத்தை அவர் அளந்தார். அது முன்னும் பின்னும் மட்டும் போகாமல் திசை மாறிச் சுழன்றது. பூமியின் சுழற்சியே காரணம் என்று கணக்கிட்டுக் காட்டினார். இடையில் ஒரு குளிர்காலம் முழுக்க, கலைமான் மேய்க்கும் சுக்சி மக்களோடு வாழ்ந்திருக்கிறார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த செய்தி அது.

1948இல் நார்வே துருவ ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். கடல் நீரோட்டத்தை இன்று அவர் பெயராலேயே அளக்கிறோம். நொடிக்கு 10 லட்சம் கன மீட்டர் நீர் ஓடினால் ஒரு ஸ்வெர்ட்ரப். உலக ஆறுகள் எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ ஒரு ஸ்வெர்ட்ரப்தான்; அண்டார்க்டிகாவைச் சுற்றி ஓடும் நீரோட்டம் நூறு ஸ்வெர்ட்ரப்புக்கும் மேல்.