மருந்து ஒத்துக்கலையா, புரதம் ஒத்துக்கலையா?

ஆயக்குடிப் பக்கம் ஒருத்தருக்கு கீமோ பலிக்கலைன்னா, "மருந்து உடம்புக்கு ஒத்துக்கல" என்பார்கள். ஏதோ நோயாளியின் உடம்புதான் குற்றவாளி என்பது போல. ஆனால் பல நேரங்களில் ஒத்துக்கொள்ளாதது உடம்பு இல்லை. கட்டியில் இருக்கிற செல், எந்தப் புரதத்தை எவ்வளவு வைத்திருக்கிறது என்பதுதான் விஷயம். கேம்ப்டோதெசின் என்ற ஒரே ஒரு வேதிப்பொருளை வைத்து இதைப் பார்க்கலாம்.

1966-ல் அமெரிக்காவில் வால், வானி இருவரும் ஒரு சீன மரத்திலிருந்து இதைப் பிரித்தார்கள். சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்து, பிறகு பம்பாய் சிபா ஆய்வு மையத்துக்குப் போனவர் டி.ஆர்.கோவிந்தாச்சாரி. அவரும் என்.விஸ்வநாதனும் 1972-ல், நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோத்தபோடைட்டஸ் மரத்திலும் இது இருப்பதை வெளியிட்டார்கள். இதன் வழிவந்த டோப்போடிகான், இரினோடிகான் இரண்டும் 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

சரி, எப்படி வேலை செய்கிறது? டிஎன்ஏ இரண்டு புரி முறுக்கிய கயிறு. நகல் எடுக்கப் புரிகளைப் பிரித்துக்கொண்டே போனால் முன்னால் முறுக்கு இறுகிவிடும். டோப்போஐசோமரேஸ்-1 என்ற புரதம் ஒரு புரியை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டிவிடும். கேம்ப்டோதெசின் அந்த வெட்டுக்குள் போய் உட்கார்ந்து, ஒட்டவிடாமல் தடுக்கிறது. நகல் எடுக்கும் இயந்திரம் அங்கே வந்து மோதினால், இரண்டு புரியும் அறுந்த நிலை. செல் செத்துப்போகும்.

இங்கேதான் ஒரு விசித்திரம். மருந்து இந்தப் புரதத்தை முடக்கிக் கொல்லவில்லை; அதையே ஆயுதமாக்கிக் கொல்கிறது. அப்படியானால் புரதம் அதிகமாக இருக்கிற செல்லில் ஆயுதம் அதிகம், குறைவாக இருந்தால் குறைவு. புற்றுச்செல் தப்பிக்கும் வழிகளும் இதிலிருந்தே வருகின்றன. சிக்கிக்கொண்ட புரதத்துக்கு யுபிக்யூட்டின் என்ற சீட்டை ஒட்டி, புரோட்டியசோம் என்ற அரைவை ஆலைக்கு அனுப்பிவிடலாம். டிடிபி-1 என்ற பழுதுபார்ப்புப் புரதத்தை வைத்துச் சிக்கலை அறுத்துவிடலாம். ஏபிசிஜி-2 பம்பைப் பெருக்கி மருந்தையே வெளியே இறைத்துவிடலாம். எஸ்எல்எஃப்என்-11 என்று ஒரு புரதம்; டிஎன்ஏ சேதமானால் நகலெடுப்பை நிரந்தரமாக நிறுத்தி, செல்லைச் சாகவிடும். அதன் உற்பத்தியை அணைத்துவிட்டாலும் செல் பிழைத்துக்கொள்ளும்.

கவனியுங்கள், இவற்றில் பலவற்றுக்கு மரபணுவில் ஒரு எழுத்துகூட மாறத் தேவையில்லை. எங்க தொழில் பாஷையில் சொன்னால் கோடு அதேதான், கான்ஃபிக் மட்டும் மாறியிருக்கிறது. எழுத்து மாறுவதும் உண்டு. அந்தச் சீன மரம் தன் விஷத்தாலேயே சாகாமல் இருக்க, தன் டோப்போஐசோமரேஸில் 722-ம் இடத்து அமினோ அமிலத்தை மாற்றி வைத்திருக்கிறது. மருந்துக்குப் படியாத ஒரு ரத்தப் புற்றுச் செல் வரிசையிலும் அதே இடத்தில் அதே மாற்றம்!

"நம்ம மலை மரம்தானே, பட்டையை அரைத்துக் குடிக்கலாமே" என்று மட்டும் யாரும் இறங்க வேண்டாம். கேம்ப்டோதெசினின் ஆரம்பகால வடிவத்தை வைத்து நடந்த சோதனைகளே, கடுமையான பக்கவிளைவுகளால் 1970-களில் நின்றுபோயின.

எஸ்எல்எஃப்என்-11 அளவைப் பார்த்து யாருக்கு எந்த மருந்து என்று முடிவெடுக்க முடியுமா என ஆய்வுகள் நடக்கின்றன. அது கைக்கு வரும்வரை, முதல் மருந்து பலிக்காத வீட்டில் "உடம்பு ஒத்துக்கல" என்று சொல்லி அவரைத் தளரவைக்காதீர்கள். "இந்தக் கட்டிக்கு இந்த மருந்து பிடிபடல, அடுத்தது என்ன?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.