அவசரமில்லாத மடி

இரண்டு மாதக் குழந்தைக்குக் குளியல் நேரம். பாட்டி மணையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்கிறார். முழங்காலுக்குக் கீழே குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, புறங்கையில் தண்ணீரின் சூடு பார்க்கிறார். "என்ன தங்கம், ராத்திரி அம்மாவைத் தூங்க விடலையாமே?" கேட்டுவிட்டு நிறுத்துகிறார். குழந்தை உதட்டைக் குவித்து "ங்கா" என்கிறது. "அப்படியா, வயிறு வலிச்சுதா?" என்று பேச்சு தொடர்கிறது.

பக்கத்தில் துண்டோடு நிற்கும் தாயின் மனமோ அடுத்த பால், ஊறும் துணி, தடுப்பூசித் தேதி என்று ஓடுகிறது.

பாட்டிக்கு மட்டும் எப்படி முடிகிறது?

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரில்லிங் குழுவினர் 50 பாட்டிகளின் மூளையை ஸ்கேன் செய்து, 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பேரக்குழந்தையின் படத்தைப் பார்த்தபோது, பிறர் உணர்வைத் தனதாகவே உணரவைக்கும் மூளைப் பகுதிகள் சுறுசுறுப்பாயின. குழந்தை சிரித்தால் தானும் சிரிக்கும் மனநிலை அது. அந்தப் பாட்டிகளில் பலர் இன்னொன்றும் சொன்னார்கள்: தங்கள் பிள்ளைகளை வளர்த்தபோது இருந்த நேர நெருக்கடியும் பண நெருக்கடியும் இப்போது இல்லை.

கவனிக்க வேண்டியது இதுதான். பாட்டியின் நிதானத்துக்குப் பின்னால் பாசம் மட்டுமல்ல, குறைந்த சுமையும் இருக்கிறது. பச்சிளங்குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் கொடுக்க வேண்டும். இரவுத் தூக்கம் துண்டு துண்டாகிப்போன பெண்ணிடம் "இந்த வயசு திரும்ப வராது, அனுபவிச்சுக்கோ" என்று சொல்வது அவருடைய குற்ற உணர்வைத்தான் கூட்டும்.

கேட்டுவிட்டுக் காத்திருப்பது

பாட்டியிடம் கற்க வேண்டியது அந்த இடைவெளி. பேசுகிறார், குழந்தையின் பதிலுக்குக் காத்திருக்கிறார், பிறகு மறுபடி பேசுகிறார். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது தாயின் முகம் இருப்பது ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான்.

1970களில் எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர், குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாயைச் சில நிமிடம் முகபாவமே இல்லாமல் இருக்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது. பலனில்லாமல் போகவே முகத்தைத் திருப்பிக்கொண்டது. தாய் மீண்டும் கொஞ்சியதும் உறவு சரியானது. செல்போனில் மூழ்கிய முகமும் குழந்தைக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான். நாள் முழுக்க போனைத் தொடாமல் இருக்க யாராலும் முடியாது. குளியல் நேரத்திலும் ஒரு வேளைப் பால் நேரத்திலும் அதை அடுத்த அறையில் வைத்துவிடலாம்.

குளியல் யாருக்கு, துணி யாருக்கு?

பல வீடுகளில் குளியலும் கொஞ்சலும் பாட்டிக்கு, இரவு விழிப்பும் துணியும் தாய்க்கு என்று வேலை பிரிந்துவிடுகிறது. இதை மாற்ற வேண்டும். வாரத்தில் சில நாளாவது குழந்தையைத் தாயின் காலில் படுக்க வைத்துவிட்டு, பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம். துணியைக் குழந்தையின் அப்பா துவைக்கட்டும்.

பாட்டி சொன்னாலும் வேண்டாம்

சீனித் தண்ணீர் வேண்டாம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். ஒரு வயது நிரம்பும்வரை தேனை நாக்கில் தொட்டுவைக்கவும் கூடாது, கடும் நரம்பு பாதிப்பை உண்டாக்கும் கிருமி அதில் இருக்கக்கூடும். மூக்கில் ஊதுவது, காதில் எண்ணெய் விடுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது எல்லாம் ஆபத்து.

மனம் ஒட்டாதபோது

பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. அதற்குப் பிறகும் சோர்வு நீடித்தால், குழந்தையின் மீது ஒட்டுதலே வராவிட்டால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். வளரும் நாடுகளில் பிரசவித்த பெண்களில் ஏறக்குறைய 20 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். "நாங்க எல்லாம் பெத்துக்கலையா?" என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. சிகிச்சையில் குணமாகும். மனநல உதவிக்கான டெலி மானஸ் இலவச எண் 14416இல் 24 மணி நேரமும் பேசலாம். தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால், தாயைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.